தங்கம் இல்லாத தங்கக் கடன்

2015 நவம்பர் கடைசியில் கிராம் 2,684 ரூபாய் என்று இந்திய அரசு ஒரு பத்திரத்தை விற்றது. 2023 நவம்பர் 30 அன்று அதே பத்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு கிராமுக்கு 6,132 ரூபாய் கொடுத்தது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளிலும் போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 2.75 சதவீத வட்டி தனி. முதிர்வில் கிடைத்த லாபத்துக்கு வரி கிடையாது. சேதாரம் இல்லை, செய்கூலி இல்லை, லாக்கர் வாடகை இல்லை, திருட்டுப் பயம் இல்லை. நடுத்தரக் குடும்பத்துக்கு அரசு கொடுத்த சேமிப்புத் திட்டங்களில் இவ்வளவு தாராளமான இன்னொன்றை நான் பார்த்ததில்லை. முதல் தொடர் முதிர்ந்த மூன்றே மாதத்தில், 2024 பிப்ரவரி வெளியீட்டோடு, தங்கப் பத்திரத் திட்டம் நின்றுபோனது.

அது நின்றதைப் பற்றி என் காதில் விழும் பேச்சு இரண்டு வகை. முதலீடு பற்றிப் பேசுகிறவர்கள், மக்களுக்கு நல்லது செய்த ஒரே தங்கத் திட்டத்தை அரசு பிடுங்கிக்கொண்டது என்கிறார்கள். அரசின் வரவு செலவைப் பார்க்கிறவர்கள், அரசு கையைச் சுட்டுக்கொண்டது, நிறுத்தியதே நல்லது என்கிறார்கள். இரண்டு தரப்புமே விலை ஏறிய பிறகு, ஏறிய விலையை வைத்துத் தீர்ப்புச் சொல்கின்றன. தங்கம் எட்டு ஆண்டுகள் ஒரே இடத்தில் கிடந்திருந்தால் முதல் தரப்பு இந்தப் பத்திரத்தைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்காது; இரண்டாம் தரப்பு நிதியமைச்சகத்தின் சாமர்த்தியத்தைப் பாராட்டியிருக்கும். பொதுநிதியில் செய்த ஓர் ஏற்பாட்டை அதற்குப் பிறகு சந்தை போன போக்கை வைத்து எடை போடக் கூடாது. அரசு எந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டது, அதற்கு என்ன காப்பு வைத்தது, காப்பு போதாது என்று தெரிந்தபோது என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்து நான் வந்து சேரும் முடிவு இரு தரப்புக்கும் உவப்பாக இருக்காது.

திட்டம் எந்த நெருக்கடியில் பிறந்தது என்பதிலிருந்து தொடங்கினால்தான் அதற்கு நியாயம் செய்ய முடியும். 2012-13இல் இந்தியாவின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.8 சதவீதத்தைத் தொட்டது. கச்சா எண்ணெய்க்கு அடுத்தபடி டாலரைக் கரைத்தது தங்கம். 2013இல் ஒரே ஆண்டுக்குள் இறக்குமதி வரியைப் படிப்படியாக ஏற்றி 10 சதவீதத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இறக்குமதியாகும் தங்கத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஏற்றுமதிக்கு ஒதுக்க வேண்டும் என்ற 80:20 விதியும் வந்தது. டாலர் கொஞ்சம் மிச்சமானது, கடத்தல் பெருகியது. இன்னும் பின்னால் போனால் 1963இன் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று தடுத்தன. 1968இல் தங்கக் கட்டுப்பாடு தனிச் சட்டமானது, 1990இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. அந்த ஆண்டுகளில் பொற்கொல்லர் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. மக்களின் தங்க ஆசை ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை.

இந்த வரலாற்றோடு ஒப்பிட்டால் 2015இல் வந்த யோசனை மிக நாகரிகமானது. ‘தங்கம் வாங்காதே’ என்று சொல்லவில்லை. ‘தங்கத்தின் விலை ஏற்றம்தானே உனக்கு வேண்டும்? அதை நான் தருகிறேன், மேலே கொஞ்சம் வட்டியும் தருகிறேன், உலோகத்தை மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்காதே’ என்று அரசு குடிமகனிடம் ஒப்பந்தம் பேசியது. மிரட்டலை விட்டு மாற்று ஒன்றை முன்வைத்த அந்த மனப்பாங்கை நான் இன்றும் மதிக்கிறேன். திட்டத்தின் மேல் எனக்குள்ள குறைகள் எல்லாம் அந்த ஒப்பந்தத்தை அரசு நடத்திய விதத்தைப் பற்றியவை.

முதலில், அது தானே சொல்லிக்கொண்ட நோக்கம். ஆண்டுதோறும் சுமார் 300 டன் தங்கம் கட்டியாகவும் காசாகவும் முதலீட்டுக்காக வாங்கப்படுகிறது, அதில் ஒரு பங்கைக் காகிதத்துக்குத் திருப்ப வேண்டும் என்பதே அமைச்சரவை ஒப்புதலின்போது சொன்ன கணக்கு. எட்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல், 67 தொடர்களில், மொத்தம் விற்ற பத்திரம் சுமார் 147 டன். ஆண்டுக்குப் பதினெட்டு டன்கூட வராது. இலக்கு வைத்த 300 டன்னில் இது ஆறு சதவீதம். நாட்டின் மொத்தத் தங்கத் தேவை ஆண்டுக்கு 700, 800 டன் என்று வைத்தால் இரண்டரை சதவீதத்துக்கும் கீழே. அந்த 147 டன்னிலும் 44 டன் 2023-24 என்ற கடைசி ஒற்றை ஆண்டில் விற்றது. கொரோனா ஆண்டான 2020-21இல் 32 டன். இந்த இரண்டு ஆண்டுகளை எடுத்துவிட்டால் மற்ற எல்லா ஆண்டுகளுக்கும் சேர்த்து எழுபது டன்தான் மிஞ்சும். இறக்குமதியைக் குறைப்பது என்ற முதல் நோக்கத்தில் திட்டம் தோற்றது. இதில் வாதத்துக்கு இடமில்லை.

ஏன் தோற்றது என்பதற்குப் பதில் தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் கிடைக்கும். நம் வீடுகளில் தங்கம் என்பது முதலீடு, நகை, சீதனம், அவசரக் காப்பு என்று எல்லாமும் ஒன்றாகக் கலந்த ஒரு பொருள். மகளுக்கு இருபது சவரன் சேர்க்கிற தாய்க்கு அந்தத் தங்கம் கல்யாணத்தன்று கழுத்தில் இருந்தாக வேண்டும். மாமனார் வீட்டில் அது அவள் பேரில் இருக்கிற ஒரே சொத்தாகவும் இருக்கலாம். ஆனி மாதம் பள்ளிக் கட்டணத்துக்கும், உரம் வாங்கவும், திடீர் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அடகுக் கடைக்குப் போய் அரை மணி நேரத்தில் பணமாக்க அதே வளையல்தான் கைகொடுக்கிறது. பத்திரத்தையும் ஈடாக வைத்துக் கடன் வாங்கலாம் என்று விதியில் இருந்தது. ஆனால் தெருமுனை அடகுக் கடைக்காரர் அதை உரசிப் பார்க்க முடியாது. ஐந்தாம் ஆண்டுக்கு முன் அரசிடம் திருப்பித் தரவும் முடியாது. இடையில் பங்குச் சந்தையில் விற்கலாம் என்றால் அங்கே வாங்க ஆளில்லாமல் பல தொடர்கள் நாள்கணக்கில் கிடந்தன. பல காலம் தங்கத்தின் விலையைவிடக் குறைவாகவே கைமாறின.

ஆக, வளையல் வாங்குகிறவர் வளையலையே வாங்கினார். பத்திரத்தை வாங்கியவர் பெரும்பாலும் யார்? பான் எண் கட்டாயம். இணையத்தில் வாங்கினால் கிராமுக்கு 50 ரூபாய் தள்ளுபடி. எட்டு ஆண்டு பணத்தைத் தொடாமல் இருக்கக்கூடிய வசதி வேண்டும். வங்கி வைப்புக்கோ பரஸ்பர நிதிக்கோ போயிருக்கக்கூடிய பணம்தான் இங்கே திரும்பியது என்பது என் ஊகம். திட்டத்தின் விதிகளே அந்த ஊகத்துக்கு வலுச் சேர்க்கின்றன. தொடக்கத்தில் ஒருவர் ஓராண்டுக்கு 500 கிராம் வரை வாங்கலாம் என்று இருந்ததை 2017இல் 4 கிலோ ஆக்கினார்கள். நான்கு கிலோ என்றால் 500 சவரன். ஆண்டுக்கு 500 சவரன் வாங்கக்கூடிய குடும்பத்தை மனத்தில் வைத்து வகுத்த வரம்பு சிறுசேமிப்பாளருக்கானது ஆகாது.

வாங்கியவர்களுக்கு அது நல்ல திட்டம் என்பதைச் சொல்ல ஒரு பத்தி போதும். முதல் தொடருக்கு விலை ஏற்றம் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 சதவீதம். வட்டி அதற்கு மேல். 2017 அக்டோபரில் 2,900 ரூபாயை ஒட்டி விற்ற தொடருக்கு 2025 அக்டோபரில் கிராமுக்கு 12,500 ரூபாய்க்கு மேல் கிடைத்தது. நான்கு மடங்குக்கும் மேல். ஏமாற்று இல்லை, இழுத்தடிப்பு இல்லை, முதிர்ந்த நாளில் பணம் வங்கிக் கணக்கில் ஏறியது. நகைச்சீட்டுக் கட்டிவிட்டுக் கடை மூடிய செய்தியைப் படித்து அலறியடித்து ஓடுகிறவர்கள் நிறைந்த நாட்டில் இந்த நாணயம் சின்ன விஷயம் அல்ல. அரசின் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு என்று ஒரு தலைமுறைச் சேமிப்பாளர்களுக்கு இது காட்டியது.

அந்தக் கையெழுத்தின் மறுபக்கத்துக்கு வருவோம். விஷயத்தின் மையம் அங்கேதான் இருக்கிறது.

அரசு 147 டன் தங்கத்தின் மதிப்புக்குப் பொறுப்பேற்றது. அதற்கு ஈடாக ஒரு கிராம் தங்கமும் வாங்கி வைக்கவில்லை. வந்த பணம் பட்ஜெட்டின் பொதுச் செலவுக்குப் போனது. கையில் இல்லாத சரக்கை இன்றைய விலைக்கு விற்றுவிட்டு, எட்டு ஆண்டு கழித்து அன்றைய விலைக்கு ஈடுகட்டுவதாக ஒப்புக்கொள்வது இது. பங்குச் சந்தைக்காரர்கள் இதை ஷார்ட் போவது என்பார்கள். விலை இறங்கினால் லாபம், ஏறினால் நஷ்டம். நஷ்டத்துக்கு மேல்வரம்பு கிடையாது.

அரசுக்கு இதில் என்ன ஆதாயம்? மலிவான கடன். 2015 இறுதியில் பத்தாண்டு அரசுக் கடன் பத்திரத்துக்கு 7.7 சதவீதத்தை ஒட்டிய வட்டி கொடுக்க வேண்டியிருந்தது. தங்கப் பத்திரத்துக்கு 2.75. ஆண்டுக்கு ஐந்து சதவீதம் மிச்சம். அந்த மிச்சத்தையும் அதன் மேல் ஏறும் வட்டியையும் சேர்த்தால், 2,684 ரூபாய்க்கு விற்ற கிராம் எட்டாம் ஆண்டு முடிவில் சுமார் 4,000 ரூபாய் வரை போனாலும் அரசுக்குக் கட்டுப்படியாகும். அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு ரூபாயும் வரிப்பணத்திலிருந்து வர வேண்டும். ஏறிய விலை 6,132. முதல் தொடரிலேயே கிராமுக்கு இரண்டாயிரம் ரூபாய் அளவுக்குக் கூடுதல் சுமை.

2011இல் 1,900 டாலரைத் தொட்ட ஒரு அவுன்ஸ் தங்கம் 2015 இறுதியில் 1,050 டாலருக்கு அருகே விழுந்து கிடந்தது. நாலாண்டு சரிவின் அடிவாரத்தில் நின்றுகொண்டு அரசு தங்கத்தை விற்றது. இதைக் குற்றமாக நான் எடுக்க மாட்டேன். அது அடிவாரம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. மூன்று ஆண்டுகள் கழித்து 2018 கடைசியில்கூடப் பத்திரத்தின் வெளியீட்டு விலை 3,200 ரூபாயைத் தாண்டவில்லை. ஆண்டுக்கு ஆறு சதவீத ஏற்றம். அரசின் கணக்கு ஏறத்தாழச் சமமாகவே நின்றது. விலை எப்படிப் போகும் என்பதில் தவறியதை மன்னிக்கலாம். விலை எப்படிப் போனாலும் தாங்கும்படி ஏற்பாடு செய்யாததை மன்னிக்க முடியாது.

ஏற்பாடு இருக்க வேண்டும் என்று 2015லேயே சொன்னார்கள் என்பதுதான் இதில் மிகவும் உறுத்துவது. கடன் செலவில் மிச்சமாகும் தொகை தங்கக் காப்பு நிதி என்ற கணக்குக்குப் போகும், விலை ஏற்றத்தின் ஆபத்தை அந்த நிதி தாங்கும் என்பது அமைச்சரவை ஒப்புதலின் ஒரு பகுதி. ஆனால் ரூபாயில் சேர்க்கும் நிதி தங்கத்தின் விலை ஏற்றத்துக்கு எப்படிக் காப்பாகும்? ஆண்டுக்கு ஐந்து சதவீத மிச்சம் ஐந்து சதவீத ஏற்றத்தைத்தான் தாங்கும். அதற்கு மேல் போனால் அந்த நிதி பெயரளவுக்குத்தான். நடந்ததும் அதுவே. 2024-25 பட்ஜெட்டில் இந்த நிதிக்கு முதலில் 8,551 கோடி ஒதுக்கினார்கள். திருத்திய மதிப்பீட்டில் அது 28,605 கோடியானது. விலை ஏறி முடிந்த பிறகு வரிப்பணத்தை அள்ளிப் போட்டார்கள்.

இதைவிட ஆழமான பிழை ஒன்று உண்டு. அதைப் பற்றிப் போதிய பேச்சு எழவில்லை என்று நினைக்கிறேன். இந்தியாவில் தங்கத்தின் ரூபாய் விலை எப்போது ஏறும்? உலகில் போர் வந்தால், கொள்ளைநோய் வந்தால், ரூபாயின் மதிப்பு விழுந்தால் ஏறும். அதாவது அரசின் வருவாய் சுருங்கி, செலவு கூடி, கடன் வாங்குவது கடினமாகும் காலத்தில் ஏறும். 2020இல் நாடே முடங்கி வரி வருவாய் படுத்தபோது பத்திரத்தின் வெளியீட்டு விலை 5,334 ரூபாயைத் தொட்டது. சோதனைக் காலத்தில் சுமை குறையும்படி கடன் வாங்குவதுதான் விவேகமுள்ள அரசு செய்வது. தங்கப் பத்திரம் நேர்மாறாக, சோதனைக் காலத்திலேயே சுமை கூடும் கடன். வீட்டுக்குப் பாதுகாப்பு என்பதற்காகத்தான் மக்கள் தங்கம் வாங்குகிறார்கள்; அந்தப் பாதுகாப்பைக் கொடுத்தவர் அதே அளவு ஆபத்தை வாங்கி வைத்துக்கொள்கிறார். நூற்று நாற்பது கோடிப் பேரின் பெயரில் அரசு அதை வாங்கி வைத்தது.

இங்கே எதிர்த்தரப்புக்கு வலுவான ஒரு வாதம் இருக்கிறது. அதைத் தட்டிவிட்டுப் போக முடியாது. ரிசர்வ் வங்கியிடம் தங்கம் இருக்கிறதே என்பதுதான் அது. 2018 மார்ச்சில் சுமார் 560 டன் இருந்தது. 2025 மார்ச்சில் சுமார் 880 டன். ஏழு ஆண்டுகளில் 320 டன் சேர்த்திருக்கிறார்கள். அரசு பத்திரமாக விற்ற 147 டன்னைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். விலை ஏறியதால் நிதியமைச்சகத்துக்கு ஒரு பக்கம் இழப்பு என்றால் ரிசர்வ் வங்கிக்கு மறுபக்கம் அதைவிடப் பெரிய ஆதாயம். இரண்டும் ஒரே தேசத்தின் இரு பைகள். சேர்த்துப் பார்த்தால் இந்திய அரசு தங்கத்தில் நஷ்டப்படவே இல்லை.

இந்த வாதத்தில் பாதியை ஏற்கிறேன். தங்கப் பத்திரத்தால் நாடு திவாலாகப் போகிறது என்ற தோரணையில் எழுதப்படும் கட்டுரைகளுக்கு இது சரியான பதில். ஆனால் மறுபாதியை ஏற்க முடியவில்லை. ரிசர்வ் வங்கியின் தங்கம் அந்நியச் செலாவணிக் கையிருப்பின் பகுதி. அதன் விலை ஏற்றம் மறுமதிப்பீட்டுக் கணக்கில் ஏட்டளவில் நிற்கிறது; ஈவுத் தொகையாக அரசுக்கு வராது. 1991இல் 47 டன்னை இங்கிலாந்திடமும் ஜப்பானிடமும் ஈடாக வைத்து டாலர் வாங்கிய அனுபவம் உள்ள நாடு இது. அந்தக் கையிருப்பு எதற்கென்று நமக்குத் தெரியும். பத்திரத்துக்குக் கொடுக்கும் பணம் மட்டும் ஏட்டளவில் நிற்பதில்லை, பட்ஜெட்டிலிருந்து ரொக்கமாகப் போகிறது. இன்னொன்று: ரிசர்வ் வங்கி தங்கம் வாங்கியது இந்தப் பத்திரங்களுக்குக் காப்பாக அல்ல. தற்செயலாக ஒரு பை நிறைந்ததை மற்றொரு பையின் ஓட்டைக்குச் சமாதானமாகச் சொல்வது நிதி நிர்வாகம் ஆகாது. ஆனாலும் இந்த வாதத்துக்குள் சரியான தீர்வின் விதை இருக்கிறது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

சுங்க வரி விவகாரம் இன்னும் சங்கடமானது. பத்திரத்தின் முதிர்வு விலை உள்நாட்டுச் சந்தை விலையைப் பொறுத்தது. உள்நாட்டு விலைக்குள் இறக்குமதி வரி அடங்கியிருக்கிறது. கடன் வாங்கியவரே தன் கடனின் அளவைத் தீர்மானிக்கும் ஒரு கைப்பிடியைத் தன்னிடம் வைத்திருந்தார். 2022 ஜூலையில் வரியை 15 சதவீதமாக ஏற்றியபோது அரசு தன் கடனைத் தானே பெருக்கிக்கொண்டது. 2024 ஜூலை பட்ஜெட்டில் அதை 6 சதவீதமாகக் குறைத்தபோது, அந்த வெட்டு முழுவதும் விலையில் இறங்கியிருந்தால், வெளியில் இருந்த பத்திரங்களின் சுமை குறைந்தது ஏழாயிரம் கோடி ரூபாய் அளவுக்கு ஒரே நாளில் இலேசாகும். இது என் கணக்கு: 130 டன்னுக்குக் குறையாத பத்திரம், கிராம் 7,000 ரூபாய்க்குக் குறையாத விலை, எட்டு சதவீதத்தை நெருங்கும் சரிவு. கடத்தலைத் தடுக்கவும் நகைத் தொழிலுக்கு உதவவும் வரியைக் குறைத்ததாகச் சொன்னார்கள். அந்தக் காரணம் பொய் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. அடுத்த இரண்டு வாரத்தில், ஆகஸ்ட் தொடக்கத்தில், 2016இல் 3,119 ரூபாய்க்கு விற்ற தொடர் 6,938 ரூபாய்க்கு முதிர்ந்தது. அந்தத் தொடரை எட்டு ஆண்டு காத்து வைத்திருந்தவர், தன் பணம் கைக்கு வரும் வேளையில் விலை இறங்கியதை வேறு கண்ணோடு பார்த்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. சந்தேகத்துக்கு இடம் தராத அமைப்பை உண்டாக்குவது அரசின் கடமை. இந்தப் பத்திரத்தில் அந்த இடம் முதல் நாளிலிருந்தே திறந்து கிடந்தது.

பிறகு, நிறுத்திய விதம். 2024 ஜூலை பட்ஜெட் அந்த ஆண்டுக்குத் தங்கப் பத்திரம் மூலம் 18,500 கோடி திரட்டுவதாகக் கணக்குக் காட்டியது. ஒரு தொடரும் வரவில்லை. அறிவிப்பும் இல்லை. அடுத்த தவணை எப்போது என்று வங்கிக் கிளைகளில் விசாரித்தவர்களுக்குச் சொல்லப் பதில் இல்லை. 2025 பிப்ரவரியில், பட்ஜெட்டுக்குப் பிந்தைய செய்தியாளர் சந்திப்பில் கேள்வி எழுந்த பிறகுதான், இது செலவு மிகுந்த கடனாகிவிட்டது, ஒருவகையில் நிறுத்தப்பட்டதாகவே கொள்ளலாம் என்ற பொருளில் பதில் வந்தது. அடுத்த மாதமே, மக்களின் தங்கத்தை வங்கி வைப்பாகப் பெறும் தங்கப் பணமாக்கல் திட்டத்தின் நடுத்தர, நீண்டகால வைப்புகளையும் நிறுத்தினார்கள். 2015 நவம்பர் 5 அன்று ஒரே மேடையில் தொடங்கிய இந்த இரண்டு திட்டங்களில் ஒன்று முழுவதுமாகவும் மற்றது பெரும்பகுதியாகவும் முடிந்துபோயின. 72,274 கோடி ரூபாய் திரட்டி, அதற்கு ஒன்றரை மடங்குக்கு மேல் கடனை ஏற்றிக்கொண்ட ஒரு திட்டத்தைப் பற்றி நாட்டுக்கு ஒரு முழு அறிக்கை வர வேண்டாமா? எங்கே பிசகியது, யார் கணக்குப் போட்டார்கள், காப்பு நிதி ஏன் பயன்படவில்லை என்பவற்றுக்குப் பதில் தேடி நாம் பட்ஜெட் ஆவணங்களின் வரிகளைத் தனித்தனியாகக் கோத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த லாபத்தைக் கொடுப்பவர் யார் என்ற கேள்வியும் என்னை விடுவதில்லை. அரசு கொடுக்கிறது என்று எளிதாகச் சொல்கிறோம். சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் ஜிஎஸ்டி கட்டுகிற, ஒரு கிராம் பத்திரமும் வாங்காத கோடிக்கணக்கானவர்களும் அதில் சேர்த்தி. உபரிப் பணம் இருந்தவருக்கு வரியில்லாத நான்கு மடங்கு. உபரி இல்லாதவருக்கு அந்த நான்கு மடங்கில் ஒரு பங்கைச் சுமக்கும் பொறுப்பு. 500 சவரன் வரை வாங்க அனுமதித்த விதியும் முதிர்வு லாபத்துக்குத் தந்த முழு வரிவிலக்கும் சேர்ந்து இந்த அநீதியைப் பெருக்கின. சிறுசேமிப்புக்கு அரசு மானியம் தருவதை நான் எதிர்க்கவில்லை, செல்வமகள் திட்டத்தை வரவேற்கிறேன். ஆனால் மானியம் என்றால் அது மானியம் என்று தெரிந்து, யாருக்கு என்று வரையறுத்து, எவ்வளவு என்று கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும்.

என் தீர்ப்பு இது. சேமிப்புப் பொருளாகத் தங்கப் பத்திரம் சிறந்தது. இறக்குமதிக் கொள்கையாக அது தோல்வி. பொதுநிதி ஏற்பாடாக அது பொறுப்பற்றது. விலை ஏறாமல் போயிருந்தாலும் பொறுப்பற்றதுதான். 2019க்குப் பிறகு விலை கட்டுப்படியாகும் எல்லையைத் தாண்டத் தொடங்கியபோதே வரம்பைக் குறைத்து, வட்டியைக் குறைத்து, விற்பனையைச் சுருக்கியிருக்க வேண்டும். மாறாக, மிக அதிக விலையில் மிக அதிக டன்னை விற்றார்கள். ஆகவே பழைய வடிவில் திட்டத்தை நிறுத்தியது சரி. மாற்று எதுவும் வைக்காமல் நிறுத்தியது தவறு. 2025இல் தங்கம் சரசரவென ஏறியபோது, கைபேசிச் செயலிகளில் ஒரு ரூபாய், பத்து ரூபாய் என்று விற்கும் ‘டிஜிட்டல் தங்கம்’ நோக்கி எளிய மக்கள் போனார்கள். அது தன் கண்காணிப்புக்கு வெளியே இருக்கிறது, ஆபத்து உண்டு என்று சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி 2025 நவம்பரில் எச்சரிக்க வேண்டி வந்தது. அரசு விட்டுப்போன இடத்தை யார் நிரப்புகிறார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

திரும்பக் கொண்டுவரலாம் என்றே நினைக்கிறேன், வேறு உடலில். அரசு பத்திரம் விற்கும் ஒவ்வொரு கிராமுக்கும் ரிசர்வ் வங்கி தன் கையிருப்பில் ஒரு கிராமைத் தனிக் கணக்கில் ஒதுக்கட்டும். பத்திரத்தில் வந்த பணம் பட்ஜெட்டுக்குப் போகாமல் ரிசர்வ் வங்கிக்கே போகட்டும். புதிதாக இறக்குமதி தேவையில்லை. தங்கம் ஏற்கெனவே பெட்டகத்தில் இருக்கிறது. இதுவரை விற்ற 147 டன்னும் அந்த 880 டன்னில் ஆறில் ஒரு பங்குதான். விலை ஏறினால் ஒதுக்கிய தங்கமும் சேர்ந்து ஏறும், வரி கட்டுகிறவர் தலையில் விழாது. சுங்க வரியை ஏற்றினாலும் இறக்கினாலும் பாதிக்காதபடி முதிர்வு விலையைச் சர்வதேச விலையோடும் அன்றைய டாலர் மதிப்போடும் கட்டிவிடலாம். ஒருவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் 80 கிராம், பத்து சவரன், அதற்கு மேல் கிடையாது. வரிவிலக்கு அந்தப் பத்து சவரனுக்கு மட்டும்.

இதில் ஒரு விலை உண்டு. அரசுக்கு மலிவுக் கடன் கிடைக்காததால் பழைய பத்திரத்தில் தந்த வட்டியைக் கொடுக்க வழியிருக்காது. வட்டியில்லாத பத்திரத்தை யார் வாங்குவார்கள் என்று கேட்கலாம். பங்குச் சந்தையில் கைமாறும் தங்க நிதியான ஈடிஎஃப்பில் போடுகிறவர் இன்று வட்டி வாங்குவதில்லை. நிர்வாகக் கட்டணம் கொடுக்கிறார், விற்கும்போது வரியும் கொடுக்கிறார். நகைக் கடையில் வாங்குகிறவர் சேதாரத்தையும் செய்கூலியையும் ஜிஎஸ்டியையும் முதல் நாளே இழக்கிறார். மாதம் ஒரு கிராம், அரை கிராம் என்று சேர்க்கிற ஒருவருக்கு, தேய்மானமோ கலப்படமோ கடை மூடும் பயமோ இல்லாமல், அன்றைய தங்க விலையை அப்படியே திருப்பித் தரும் ஒரு கணக்கு தபால் அலுவலகத்தில் கிடைத்தால் வட்டி இல்லை என்பதற்காக அவர் திரும்பிப் போக மாட்டார்.